தோற்கும் ரக்பி அணி வலுவான அணியிடம் எதைக் கற்க வேண்டும்?

வாரம் தவறாமல் நாற்பது, ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் அணியின் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்த மௌனம் தெரியும். காலணி நாடாவை அவிழ்க்கக்கூட யாருக்கும் மனம் வராது. சிறிய ரக்பி கிளப் ஒன்றின் பயிற்சியில் பல ஆண்டுகள் கூட இருந்தவன் நான். அந்த அறையும் தெரியும், மௌனம் கலைந்ததும் முதலில் எழும் பேச்சும் தெரியும்: “அவர்களைப்போல நாமும் ஆட வேண்டும்.”

ஆசை நியாயமானதுதான். தன்னைவிட வலுவான அணியிடமிருந்துதான் கற்க முடியும். ஆனால் எதைக் கற்பது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலான அணிகள் வழுக்கிவிடுகின்றன. சீசன் தொடங்கப் பத்துப் பன்னிரண்டு வாரங்கள், வாரத்துக்கு இரண்டு மாலைகள், வேலை முடிந்து களைத்து வரும் ஆட்டக்காரர்கள், கொஞ்சம் பணம். கையிருப்பு இவ்வளவுதான். ஸ்க்ரம்மை (இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் பிணைந்து ஒருவரையொருவர் தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது) வலுப்படுத்துவதா, வேக ஆட்டத்துக்கு மாறுவதா, பெயர்பெற்ற ஒருவரை அழைத்து வருவதா, வலுவான அணிகளோடு அடிக்கடி மோதுவதா, இளையோரை வளர்த்துக்கொண்டு காத்திருப்பதா? எல்லாவற்றையும் ஒரே சீசனில் செய்ய முடியாது. நல்லவேளையாக, இந்த வழிகள் ஒவ்வொன்றிலும் உலக அரங்கில் யாரோ நடந்து பார்த்துவிட்டார்கள்.

பந்தை விட்டுவிட்டு ஒருவரைப் பாருங்கள்

வழிகளை எடைபோடும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை படுதோல்விக்குப் பிறகு எங்கள் ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தோம். முதல் முறை எல்லோரையும்போலப் பந்தின் பின்னாலேயே என் கண்ணும் போனது. அவர்களுடைய பாஸ்கள் அழகாக இருந்தன. மைதான ஓரத்தில் ஓடும் விங்கரின் ஓட்டம் அதைவிட அழகாக இருந்தது. அதைப் பார்த்து நான் கற்க ஏதும் இல்லை, அப்படி ஓடும் விங்கர் எங்களிடம் கிடையாது.

இரண்டாம் முறை எதிரணியின் ஏழாம் எண் சட்டைக்காரர் ஒருவரை மட்டும் பின்தொடர்ந்தேன். அவர் எங்கள் ஆளை இடுப்புக்குக் கீழே பிடித்து வீழ்த்துகிறார். இருவரும் தரையில் விழுகிறார்கள். எங்கள் ஆள் பந்தைப் பின்னால் வைத்து முடிப்பதற்குள் அவர் ஒரு கையை ஊன்றி எழுந்துவிட்டார். நாலு எட்டு வைத்துத் தடுப்பு வரிசையில் தன் இடத்தில் நிற்கிறார், முகம் எங்கள் பக்கம். இப்போது எங்கள் ஆளைப் பார்த்தேன். அவரும் நல்ல டேக்கிள்தான் செய்கிறார். விழுந்ததும் தலையைத் தூக்கி நடுவரைப் பார்க்கிறார். பிறகு முழங்கால். பிறகு தொடையில் கை. நிமிர்ந்து நிற்கும்போது பந்து அவரைத் தாண்டி இரண்டு முறை கைமாறிவிட்டது.

அன்று இரவு அந்தப் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. எந்த நொடியில் நிறுத்தினாலும் எங்களில் மூன்று பேராவது தரையில் கிடந்தார்கள். பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு பதினைந்து பேரைத் தடுக்கப் பார்த்திருக்கிறோம். அவர்கள் விங்கருக்குக் கிடைத்த அந்தப் பெரிய இடைவெளி அவருடைய கால்வேகத்தால் உண்டானதே இல்லை. எங்கள் ஆட்கள் எழுந்து வராததால் உண்டானது.

வலுவான அணியிடம் முதலில் எடுக்க வேண்டியது இந்த எழும் பழக்கத்தை. இதற்கு உயரம் வேண்டாம், எடை வேண்டாம், பணம் வேண்டாம். கீழே சொல்லும் வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இது அதன் அடித்தளமாக இருந்தாக வேண்டும்.

கூடவே வருவது பெனால்ட்டி, விதிமீறலுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் தண்டனை உதை. களைத்த ஆட்டக்காரர் தரையிலிருந்தபடியே பந்தின் மேல் கைவைக்கிறார், அல்லது ஆஃப்சைடில், அதாவது விதிப்படி நிற்கக்கூடாத முன்பக்கத்தில், நிற்கிறார். நடுவர் ஊதுகிறார். எதிரணி பந்தை வெளியே உதைத்து நம் கோட்டுக்கு ஐந்து மீட்டர் தூரத்தில் லைன்அவுட் (வெளியே போன பந்தை இரு வரிசைகளுக்கு நடுவே எறிந்து ஆட்டத்தைத் தொடங்குவது) எடுக்கிறது. பெனால்ட்டியிலிருந்து உதைத்தால் பந்தை உள்ளே எறியும் உரிமையும் உதைத்த அணிக்கே. பந்தைப் பிடித்ததும் மோல் (பந்து வைத்திருப்பவரைச் சுற்றிப் பிணைந்து முன்னால் தள்ளிப் போவது), உடனே டிரை (கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது). டிரைக்குப் பின் கம்பங்களுக்கிடையே உதைக்கும் கன்வர்ஷனும் சேர்ந்தால் ஏழு புள்ளி. எதிரணி ஐம்பது மீட்டரை ஓடிக் கடக்கவே இல்லை. நாமே தூக்கிக் கொடுத்தோம். எங்கள் தோல்விகளில் பாதிக்கு மேல் இந்தச் சங்கிலிதான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்க்ரம் என்னும் கோட்டை

சரி, வழிகளுக்கு வருவோம். ஸ்க்ரம் என்றதும் ஜார்ஜியாதான் நினைவுக்கு வரும். மல்யுத்தம் ஊறிய நாடு; ரக்பியைப் போன்ற ‘லெலோ’ என்ற பழைய நாட்டுப்புற ஆட்டமும் அங்கே உண்டு. 2022 ஜூலையில் அவர்கள் இத்தாலியை 28-19 என்று வென்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் கார்டிஃப் சென்று வேல்ஸை 13-12 என்று வீழ்த்தினார்கள். கடைசி நிமிடங்களில் ஸ்க்ரம்மில் பெனால்ட்டியைப் பிடுங்கி, அதை லூக்கா மட்காவா உதைத்து வென்ற ஆட்டம் அது. எட்டுப் பேர் ஒரே உடலாகத் தள்ளினால் பெரிய பெயர்களும் பின்வாங்கும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் அதே ஜார்ஜியா ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. போர்ச்சுகலோடு 18-18 என்று டிரா. ஃபிஜியிடம் 12-17 என்று தோல்வி. வேல்ஸ் 43-19 என்று பழிதீர்த்துக்கொண்டது. அந்தப் போர்ச்சுகலோ, உடல்வலுவில் ஜார்ஜியாவுக்கு அருகில்கூட நிற்க முடியாத அணி. பந்தை அகலமாகவும் வேகமாகவும் ஆடி, துலூஸில் ஃபிஜியை 24-23 என்று வென்று, உலகக் கோப்பையில் தன் முதல் வெற்றியைப் பெற்றது. ஸ்க்ரம் ஓர் ஆட்டத்தைக் கையில் கொடுக்கும். ஒரு தொடர் முழுவதையும் அது ஒன்றே தாங்காது.

சிறிய அணிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்க்ரம்மின் முன்வரிசையை அவசரத்தில் உருவாக்க முடியாது. அந்த வரிசையின் ப்ராப் (இரு பக்கத்தில் நிற்பவர்கள்), ஹூக்கர் (நடுவில் நிற்பவர்) இடங்களில் போதிய பயிற்சி இல்லாதவரை நிறுத்தினால் ஆபத்து அவர் கழுத்துக்குத்தான். சரியான முன்வரிசை இல்லாதபோது தள்ளாத ஸ்க்ரம்மாக ஆடும்படி விதிகள் சொல்வதும் அதனால்தான். பத்து வாரத்தில் ஸ்க்ரம்மால் எதிரிகளை மிதிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பந்து உள்ளே போய்ச் சுத்தமாக வெளியே வரும் அளவுக்கு அது நின்றால் முதல் ஆண்டுக்குப் போதும்.

ஜப்பான் கதையின் மறந்துபோன பாதி

வேகம் என்று பேசுபவர்கள் எல்லோரும் ஜப்பானைக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான். 1995 உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் 17-145 என்று தோற்ற அணி அது. 2015 வரைக்கும் உலகக் கோப்பைகளில் அவர்கள் பெற்ற வெற்றி ஒன்றே ஒன்று, 1991-இல் ஜிம்பாப்வேக்கு எதிராக. அப்படிப்பட்ட அணி 2015 செப்டம்பர் 19 அன்று பிரைட்டனில் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வென்றது.

கடைசி நிமிடங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். ஜப்பான் 29-32 என்று பின்தங்கி நிற்கிறது. பெனால்ட்டி கிடைக்கிறது. உதைத்தால் மூன்று புள்ளி, டிரா. அதுவே வரலாறாகியிருக்கும். தலைவர் மைக்கேல் லீச் ஸ்க்ரம் கேட்கிறார். தென்னாப்பிரிக்காவிடம், அதுவும் ஸ்க்ரம்! பந்து வலப்பக்கம் போய், திரும்பி இடப்பக்கம் வந்து, மூலையில் கார்ன் ஹெஸ்கெத் கோட்டைத் தொடுகிறார்.

குட்டையான உடல்கள், வேகமான கால்கள், ஓயாத ஓட்டம் என்றுதான் இந்த வெற்றியைச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. அந்த ஆட்டத்தில் ஜப்பான் எடுத்த மூன்று டிரைகளையும் எண்ணிப் பாருங்கள். முதலாவது லைன்அவுட்டிலிருந்து உருண்ட மோல். இரண்டாவது, லைன்அவுட்டிலிருந்து ஒத்திகை பார்த்துவைத்த நகர்வில் கோரோமாரு போட்டது. மூன்றாவது ஸ்க்ரம்மிலிருந்து. மூன்றும் நின்ற பந்திலிருந்து, அதாவது ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும் இடத்திலிருந்து, வந்தவை. தலைமைப் பயிற்சியாளர் எடி ஜோன்ஸ், ஸ்க்ரம்முக்கு மார்க் தல் மாசோ என்ற முன்னாள் பிரெஞ்சு ஹூக்கரையும், லைன்அவுட்டுக்கு இங்கிலாந்தின் ஸ்டீவ் போர்த்விக்கையும் கொண்டுவந்தது அதற்காகத்தான். எடை குறைந்தவர்கள் எவ்வளவு தாழ்ந்து தள்ள வேண்டும், உயரம் குறைந்தவர்கள் எவ்வளவு சீக்கிரம் எகிற வேண்டும் என்று வலுவான நாடுகளின் கைப்பக்குவத்தை வாங்கித் தங்கள் உடம்புக்கு ஏற்றபடி தைத்துக்கொண்டார்கள்.

இந்த வழியின் விலை உழைப்பு. விடியற்காலையில் தொடங்கி நாளுக்குப் பலமுறை பயிற்சி என்று மாதக்கணக்கில் முகாம் நடத்த ஒரு தேசிய அணியால் முடிந்தது. வாரம் இரண்டு மாலை கூடும் அணி அதை நினைத்துப் பார்க்கக்கூடாது. வேக ஆட்டம் ஆட நினைத்து எண்பது நிமிட மூச்சு இல்லாமல் இறங்கினால், ஐம்பதாவது நிமிடத்திலிருந்து பந்தைத் தவறவிடத் தொடங்குவோம். நாங்கள் ஒரு சீசன் அப்படித்தான் நாசமானோம்.

இதோடு சேர்த்துத் தென்னாப்பிரிக்காவையும் பார்க்க வேண்டும். பெரிய அணியும் தாழ்வைச் சந்திக்கும். 2016-இல் ஃப்ளாரன்ஸில் இத்தாலியிடம் 18-20 என்று தோற்றார்கள். 2017 செப்டம்பர் 16 அன்று நியூசிலாந்திடம் 0-57. அவமானம் என்றால் அதுதான். 2018-இல் ராஸி எராஸ்மஸ் பொறுப்பேற்றார். நியூசிலாந்தின் பாஸ்களை நகலெடுக்க அவர் ஆட்களை அனுப்பவில்லை. தங்கள் பலம் உடல்வலு, உயர உதைத்த பந்தைத் துரத்துவது, விட்டுக்கொடுக்காத தடுப்பு என்று அதையே கூர்தீட்டினார். 2018 செப்டம்பர் 15 அன்று வெலிங்டனில் நியூசிலாந்தை 36-34 என்று வென்றார்கள். முழுதாக ஓர் ஆண்டு ஆவதற்கு ஒரு நாள் மிச்சம். 2019 உலகக் கோப்பையும் அவர்களுக்கே, 2023-இன் கோப்பையும் அவர்களுக்கே. ஜப்பானும் தென்னாப்பிரிக்காவும் உடலமைப்பில் நேர் எதிர்; ஆனாலும் இரண்டும் செய்தது ஒரே வேலை. எதிரியின் கைவினையைக் கற்றார்கள், எதிரியின் உருவத்தை அணியவில்லை.

பெயர்பெற்றவரை அழைப்பது

இதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. இத்தாலி 2000-இல் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியில் சேர்ந்த பிறகு ஜான் கிர்வான், பியர் பெர்பிசியே, நிக் மாலெட், ஜாக் புருனெல், கானர் ஓஷே என்று வரிசையாகப் பெரிய மனிதர்களைத் தலைமைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டது. மாலெட் தென்னாப்பிரிக்காவைத் தொடர்ந்து 17 டெஸ்ட்களில் (நாடுகளுக்கிடையிலான ஆட்டங்களில்) வெல்ல வைத்தவர். அவர் பயிற்சியில் இத்தாலி ஆறு நாடுகள் போட்டியில் ஆடிய 20 ஆட்டங்களில் வென்றவை 3. அவர் திறமை எங்கும் போய்விடவில்லை. அவருக்குக் கீழே ஆட வந்த ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைதான் போதவில்லை.

தந்திரங்களையும் இங்கேயே முடித்துவிடலாம். 2017-இல் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்துக்கு எதிராக ஓஷேயின் இத்தாலி, டேக்கிளுக்குப் பிறகு ரக்கில் (தரையில் கிடக்கும் பந்தின் மேல் இரு அணியினரும் நின்று தள்ளும் கூட்டத்தில்) சேரவே மறுத்தது. அன்றைய விதிப்படி இரு அணியினரும் சேர்ந்தால்தான் ரக். ரக் இல்லையேல் ஆஃப்சைடு கோடும் இல்லை. இத்தாலியர்கள் இங்கிலாந்தின் பாஸ் போகும் வழியிலேயே போய் நின்றார்கள். திகைத்துப்போன இங்கிலாந்து இடைவேளையில் 5-10 என்று பின்தங்கியது. கடைசியில் 36-15 என்று வென்றதும் இங்கிலாந்துதான், பிறகு விதியும் மாறிவிட்டது. மிகுந்த அறிவு செலவான நாற்பது நிமிடம் அது. அதை நம்பி ஒரு சீசனைத் திட்டமிட முடியாது.

அடி வாங்கிக் கற்பதும் காத்திருந்து வளர்ப்பதும்

வலுவான அணிகளோடு அடிக்கடி ஆடினால் தானாக வளர்வோம் என்ற நம்பிக்கை பரவலானது. அது உண்மையாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அர்ஜென்டினா 2012-இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றோடு ரக்பி சாம்பியன்ஷிப்பில் சேர்ந்தது. முதல் வெற்றிக்கு மூன்று சீசன்கள் காத்திருந்தார்கள். 2014 அக்டோபரில் மெண்டோசாவில் ஆஸ்திரேலியாவை 21-17 என்று வென்றபோது அது அவர்களுடைய பதினெட்டாவது ஆட்டம். ஆனால் முதல் சீசனிலேயே தென்னாப்பிரிக்காவோடு 16-16 என்று டிரா செய்திருந்தார்கள். எதிரணியை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தார்கள். பிறகு ஹாகுவாரெஸ் என்ற அணியை 2016 முதல், தென்கோள நாடுகளின் தொழில்முறை அணிகள் மோதும் சூப்பர் ரக்பியில் ஆடவைத்து, ஆண்டு முழுவதும் அந்தச் சூட்டிலேயே தங்கள் ஆட்களை வைத்தார்கள். 2020-இல் சிட்னியில் நியூசிலாந்தை முதன்முறையாக, 25-15 என்று வீழ்த்தினார்கள். ஃபிஜியும் அதே வழியில் 2022-இல் ட்ரூவா அணியை சூப்பர் ரக்பிக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தை 30-22 என்று வென்றது.

இத்தாலியும் பெரியவர்களோடுதான் ஆண்டுதோறும் ஆடியது. 2015 முதல் 2022 வரை ஆறு நாடுகள் போட்டியில் தொடர்ந்து 36 தோல்விகள். வெறுமனே அடி வாங்கினால் அடி வாங்கத்தான் பழகுவோம். இடைவெளி ஐம்பது புள்ளியாக இருக்கும்போது கடினமான ஆட்டங்களைக் கேட்டு வாங்காதீர்கள். அதற்குப் பதிலாக அந்த வலுவான கிளப்பிடம் போய், உங்கள் பயிற்சியில் ஒரு மாலை நாங்களும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேளுங்கள். எண்ணிக்கைப் பலகை இல்லாத இடத்தில் வலுவானவர்கள் கற்றுக்கொடுக்கத் தயங்குவதில்லை. எங்கள் ஹூக்கர் லைன்அவுட்டில் பந்து எறியும்போது முழங்கை வெளியே விரிவதை ஐந்தே நிமிடத்தில் திருத்தியவர், முந்தின மாதம் எங்களை நொறுக்கிய அணியின் ஹூக்கர்தான்.

அந்த 36 தோல்விகளுக்கிடையே இத்தாலி வேறொரு வேலையையும் தொடங்கியிருந்தது. அயர்லாந்தின் பயிற்சி அமைப்பில் நெடுங்காலம் இருந்த ஸ்டீபன் அபூத் 2016-இல் வந்து இளையோர் வளர்ப்பைக் கையில் எடுத்தார். 2022-இல் இத்தாலியின் இருபது வயதுக்குட்பட்டோர் அணி இங்கிலாந்தை 6-0 என்று வென்றது. அடுத்த மாதம் கார்டிஃபில் மூத்த அணி, கடைசி நிமிடத்தில் ஆஞ்ச் கபுவோஸோ என்ற ஒல்லியான இளைஞர் வேல்ஸ் வரிசையைக் கிழித்து ஓடிக் கொடுத்த பந்தில், 22-21 என்று வென்றது. ஆட்டநாயகன் பதக்கம் வேல்ஸின் ஜோஷ் ஆடம்ஸுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அவர் அதைக் கபுவோஸோவிடம் கொடுத்துவிட்டார். 2024-இல் இத்தாலி ஸ்காட்லாந்தையும் வேல்ஸையும் வென்று, பிரான்ஸோடு டிராவும் செய்தது.

இதே பாதையில் முன்னால் போனது அயர்லாந்து. 1999 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவிடம் தோற்று வெளியேறிய அணி. முன்னணி ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களைத் தேசிய சங்கமே கையில் வைத்து, நான்கு மாகாண அணிகளையும் ஒரே நூலில் கோர்த்து, 2016-இல் நியூசிலாந்தை முதன்முறையாக வென்றது. 2022-இல் நியூசிலாந்து மண்ணிலேயே தொடரையும் வென்றது. வேல்ஸ் எதிர்த்திசைக்குச் சான்று. 2021-இல் ஆறு நாடுகள் சாம்பியன். அடியில் இருந்த பிராந்திய அணிகள் நலிந்துகொண்டே வர, 2023 அக்டோபர் முதல் தொடர்ந்து 18 டெஸ்ட்களில் தோற்றது. 2025 ஜூலையில் கோபேயில் ஜப்பானை வென்றபோதுதான் அந்தத் தொடர் அறுந்தது.

இளையோரை வளர்ப்பதுதான் மிக உறுதியான வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது பலன் தர ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். இன்று தோற்கும் மூத்த அணி அதுவரை கலையாமல் இருந்தால்தான் வளர்ந்து வரும் பிள்ளைகளுக்கு ஏறி நிற்க ஓர் அணி இருக்கும். அதனால் இதை மற்ற வழிகளோடு போட்டியிடும் ஒன்றாக நான் பார்ப்பதில்லை. எதைத் தேர்ந்தாலும் கூடவே, இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

என் கையில் ஒரு சீசன் இருந்தால்

பெயருக்காக யாரையும் அழைக்க மாட்டேன். இருக்கும் பணத்தில், லைன்அவுட் தெரிந்த ஒருவரை ஆறு மாலைகளுக்கு வரவழைப்பேன். ஸ்க்ரம்முக்கு முன் லைன்அவுட்டைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. அதற்கு மலைபோன்ற உடல்கள் வேண்டாம். எறியும் ஒருவர், எகிறும் ஒருவர், தூக்கும் இருவர், அவர்களுக்குள் ஒரே தாளம் வேண்டும். மைதானத்தின் மூலையில் ஏழு பேர் நின்று பழகலாம். எறிபவர் தனியாகவே கோல் கம்பத்தில் ஓர் அடையாளம் வைத்துத் தினமும் எறியலாம். மூன்றே மூன்று சைகைகள் போதும். இருபது சைகைகள் வைத்திருந்த ஆண்டில் எங்கள் ஆட்களே ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டார்கள். லைன்அவுட் உறுதியானால் மோல் வரும்; மோல் வந்தால் எதிரணி பெனால்ட்டி கொடுக்கத் தொடங்கும். அந்தச் சங்கிலி முதன்முறையாக நம் கையில் இருக்கும்.

உங்களிடம் ஏற்கெனவே தேர்ந்த முன்வரிசை இருந்தால் ஸ்க்ரம்முக்குப் போங்கள். ஆட்டக்காரர்கள் இளைஞர்களாகவும் ஓடச் சலிக்காதவர்களாகவும் இருந்தால் வேகத்துக்குப் போங்கள், ஆனால் லைன்அவுட்டைப் பழகிய பிறகு. எதுவும் இல்லை, ஆட்களே எண்ணி இருபதுதான் என்றால் தயங்க வேண்டாம்: செவ்வாய்க்கிழமை எழுந்து நிற்கும் பயிற்சி, வியாழக்கிழமை லைன்அவுட்.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியை நாங்கள் செய்த விதம் இது. இரண்டிரண்டு பேர். ஒருவர் மற்றவரை மெதுவாக வீழ்த்துவார், இருவரும் விழுவார்கள். வீழ்த்தியவர் கையை ஊன்றி, எழுந்து, ஐந்து மீட்டர் பின்னால் இருக்கும் கூம்பைத் தொட்டு, முன்பக்கம் திரும்பி நின்று கையை உயர்த்த வேண்டும். விழுந்தவர் பந்தைப் பின்னால் வைப்பதற்குள் கை உயர்ந்திருக்க வேண்டும். முதல் வாரம் ஒருவர் கையும் உயரவில்லை. மூன்றாவது வாரம், வயதில் மூத்த ப்ராப் ஒருவர் முதலில் கை உயர்த்தினார். மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.